ஓரத்தில் எழுதியது

அந்த நாவலைக் கொளுத்த வேண்டும் என்று பாதி ஊரும், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மீதி ஊரும் கத்திக்கொண்டிருந்த சமயத்தில், அதன் மூன்றாம் பதிப்பு மெய்ப்பு பார்க்க அச்சகத்தில் அவள் மேசைக்கே வந்து விழுந்தது. எழுதியவன் அவளுடைய செத்துப்போன தங்கையின் புருஷன்.

நாவலிலும் மனைவி சாகிறாள். கதையைச் சொல்பவன் கணவன். அவள் உள்ளே தாழிட்டுக்கொண்டாள் என்று நாற்பதாம் பக்கத்தில் அழுகிறான். இருநூற்றுப் பன்னிரண்டில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போய்விடுகிறது. பொய் சொல்பவனின் மொழி அவனையே காட்டிக்கொடுக்கும் இடமாம் அது. விமர்சகர்கள் சொக்கிப்போனார்கள். தாழ்ப்பாள் கதவில் இல்லையாம், மனத்தில் இருக்கிறதாம். குறியீடாம்!

"அக்கா, கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்காரு" என்று தங்கை அவளிடம் போனில் அழுததும் குறியீடா? பத்தே நாளில் மூச்சிரைப்பு வந்து அந்த அறைக்குள் செத்தாள். மருந்து சமையலறையில் இருந்தது. உள்ளே பூட்டிக்கொண்டாள், உடைத்துத்தான் திறந்தேன், வெளியே தாழ்ப்பாளே கிடையாது என்று அவன் விசாரணையில் எழுதிக் கொடுத்தான். அதிகாரிகள் வந்தபோது புதுக் கதவு நின்றது. அக்காவின் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூலத்தைக் காற்புள்ளி முற்றுப்புள்ளியையும் வாய்விட்டுச் சொல்லி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுபவரை அச்சகத்தில் எல்லோரும் கமா என்றே கூப்பிடுவார்கள். "நல்லாத்தான் அழுறான் கமா," என்றார் அவர், சொந்தப் பேச்சிலும் குறிகளை விடாமல், "ஆனா கைக்குட்டை நம்மளுதுதான் நனையுது புள்ளி."

அவள் சிரிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மறுநாள் தங்கை புருஷன் மெய்ப்புக்கு ஒப்புதல் தர வந்தான். "என்னக்கா, பிழை நிறையவா?"

'வாங்க மாப்பிள்ளை' என்று அவள் வாயில் வரவில்லை. "நாப்பதுல தாழ்ப்பாள் உள்ள, இங்க வெளிய. எது சரி?"

"ரெண்டும்தான்க்கா. கதை சொல்றவன் பொய்யன். அவன்தான், நான் இல்ல."

"அது இருக்கட்டும். பித்தளைத் தாழ்ப்பாள், ரெண்டு ஸ்க்ரூன்னு எழுதியிருக்கீங்க. உள்ளேருந்து ஒரு இடி இடிச்சா பேந்து வந்துடும். படிக்கிறவன் சிரிப்பான்."

அவன் முகம் சிவந்தது. தன்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் அவன் பொறுக்கவே மாட்டான்.

"பித்தளைன்னு அழகுக்குப் போட்டேன். இரும்புதான். நாலு ஸ்க்ரூ."

"எனக்கென்ன தெரியும்? ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா மாத்த மாட்டாங்க."

அச்சகத்தில் அதுதான் வழக்கம். அவன் விறுவிறுவென்று எழுதினான்: 'இரும்பு. நான்கு திருகாணி. நானே பொருத்தியது, எனக்குத் தெரியாதா?' கீழே கையெழுத்து, தேதி.

அவள் அந்தத் தாளை உருவிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அக்கா, அது அச்சுக்குப் போகணும்."

"அச்சுக்குப் போகாது. விசாரணை அதிகாரிகிட்டப் போகுது. புஸ்தகத்துக்குள்ள நீ எவனை வேணா பேச வச்சுக்கோ. ஓரத்துல எழுதினது நீதான்."

அவன் பாய்ந்து வந்தான். கமா எழுந்து குறுக்கே நின்றார். "என் கண்ணு முன்னாலதான் எழுதுனீங்க சார். எங்க வேணா வந்து சொல்லுவேன்."

"அய்யோ, அது வெறும் குறியீடுக்கா!"

அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"குறியீட்டுக்கு எதுக்குடா நாலு ஸ்க்ரூ?"