பச்சைத் தையல்

நவம்பரில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவன் கௌதியின் புதுப் புத்தகம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. காப்பியைக்கூடத் தொடாமல் அவள் கேட்டாள்.

"எழுத்து, வாசிப்பு, பிள்ள வளர்ப்பு, மூணையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"நான் தனித்தனியா பிரிச்சுப் பாக்குறதே இல்லைங்க. எல்லாம் ஒரே அடுப்புலதான் வேகுது" என்றான் கௌதி.

நான் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சும்மா சொல்லக் கூடாது, அவன் நல்ல அப்பன்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டைப் பார்ப்பது அவன். காலையில் எங்கள் மகள் லோவாவுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு எழுத உட்காருவான். மத்தியானம் மீனை வேகவைத்துவிட்டு, அடுப்படியிலேயே நின்றபடி படிப்பான். பள்ளி விட்டதும் அவளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போவான். படுக்கும் முன் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் நுழைந்து கதை வாசிப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு உள்ளே அனுமதி கிடையாது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாராவது சுவாரசியமாக ஏதாவது சொன்னால் அவன் கை மேசைக்கு அடியில் போய்விடும். அங்கே மடியில் கைபேசி இருக்கும். முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், கட்டைவிரல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும். நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். "மறந்துடுவேன்டி" என்பான்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் ஐஸ்லாந்தில் புத்தகம் மழையாகக் கொட்டும். எழுதியவர்கள் ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டுவார்கள், மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். நான் வேலை பார்க்கும், லோவாவும் படிக்கும் பள்ளிக்கு அந்த வருஷம் கௌதி வந்தான். லோவா முதல் வரிசையில், காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் சுவரோரம் நின்றேன்.

அவன் வாசித்தது புத்தகத்திலேயே மிக நல்ல அத்தியாயம். அதைக் கையெழுத்துப் பிரதியில் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். "இதெல்லாம் எங்கேருந்துடா புடிக்கிற?" என்று கேட்டும் இருக்கிறேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

கதை இதுதான். ஒரு பையனோடு அவன் நண்பன் விளையாடுவதை நிறுத்திவிடுகிறான். பையன் அந்த நண்பனின் குல்லாவைத் திருடி, தினமும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். குல்லா சிவப்பு. கிழிந்த இடத்தில் நண்பனின் அம்மா பச்சைக் கம்பளி நூலால் தைத்திருக்கிறாள். இருட்டில் பையன் அந்தத் தையலைத் தடவித் தடவி, அது தனக்காகத் தைத்தது என்று நினைத்துக்கொள்கிறான்.

பச்சை நூல் என்றதும் ஒரு தலை திரும்பியது. பிர்தா. போன வருஷம் வரை லோவாவின் உயிர்த்தோழி.

"லோவா, என் கையுறை உன்கிட்டயா இருக்கு?"

அவள் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். கௌதி வாசிப்பதை நிறுத்தினான். பிர்தாவின் தொலைந்துபோன சிவப்புக் கையுறையை நாங்கள் எல்லோரும் பனியில் தேடியிருக்கிறோம். கட்டைவிரல் கிழிந்த இடத்தில் அவள் அம்மா பச்சையில் தைத்திருந்தது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப அந்தப் பையன் லோவாதானா?" என்றான். இன்னொருவன், "தலகாணிக்கு அடியிலயாம்" என்றான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. லோவா அழவில்லை. கம்பளிச் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்து, கண் வரைக்கும் மூடிக்கொண்டாள். நான் ஆசிரியை, ஒரு சத்தம் போட்டிருந்தால் பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவளை அறைக்கு அனுப்பிவிட்டுக் கௌதியிடம் கேட்டேன். "அவ உன்கிட்ட சொன்னதா?"

"குளத்துல. வெந்நீர்த் தொட்டியில உக்காந்திருந்தப்ப."

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாளா?"

அவன் தலையாட்டினான். "உன்கிட்டகூட சொல்லக் கூடாதுன்னா. சத்தியம் பண்ணேன்."

"ஊருக்கே சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லல. நல்ல சத்தியம்."

"பேர மாத்தினேன். பையனா மாத்தினேன். கையுறைய குல்லாவாக்கினேன்."

"பச்ச நூல ஏன்டா மாத்தல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுதான் நல்லா இருந்துச்சு."

அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் முகத்தில் இருந்த வெட்கத்தை என் திட்டு எட்டியிருக்காது.

மறுநாள் லோவா கையுறையைப் பள்ளியில் பிர்தா கோட்டு மாட்டும் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். பிர்தா அதை எடுத்துக்கொண்டாளாம். வீட்டில் லோவா கோபத்தைக் காட்டவே இல்லை. அப்பாவிடம் "பால் வேணும்", "சரி", "போதும்" என்று மரியாதையாகப் பேசினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல. அவன் மன்னிப்புக் கேட்டபோது அதற்கும் "சரி" என்றாள். படுக்கும் நேரத்தில் அவன் புத்தகத்தோடு அவள் அறை வாசலில் போய் நின்றால், "நானே படிச்சுக்கறேன்" என்பாள். அவன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவான். என் பெண் இனி எங்களிடம் எதையுமே சொல்லாமல் வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, புகையூட்டிய ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் பரிசுகளைப் பிரித்தோம். லோவாவுக்குக் கௌதியின் அக்கா கொடுத்த பொட்டலத்தில் கௌதியின் புத்தகம் இருந்தது. என் தம்பி கொடுத்ததிலும் அதே புத்தகம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததிலும் அதுவே. அப்பா எழுதியதை வேறு யாரும் வாங்கித்தர மாட்டார்கள் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். லோவா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் கடை ஒட்டிய மாற்றுச் சீட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். அந்தச் சீட்டு இருந்தால்தான் கடையில் வேறு பொருள் கிடைக்கும்.

பண்டிகை முடிந்து புத்தகக் கடை திறந்த அன்று, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அப்பா வரட்டும்" என்றாள் லோவா.

மூவருமாகப் போனோம். பாதி ஊர் வரிசையில் நின்றது, எல்லோர் கையிலும் இரட்டிப்பாக வந்த புத்தகம். கௌதியின் கையில் அவன் புத்தகம்.

முன்னால் நின்ற படகுக்காரர் திரும்பினார். "என்னய்யா, உன் சரக்க நீயே திருப்பிக் குடுக்க வந்துட்டியா?"

வரிசை சிரித்தது. கௌதியும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. காது மடல் சிவந்துபோய் நின்றான். இவனைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடலாமா என்று எனக்குத் தோன்றியது.

கடைக்காரப் பெண் புத்தகங்களைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ண வெச்சுக்கலாமேடா கண்ணு, அப்பா எழுதினதாச்சே."

"வேண்டாம்" என்றாள் லோவா. "அது எனக்குத் தெரிஞ்ச கதை."

"ஓ, அப்பா முன்னாடியே சொல்லிட்டாரா?"

லோவா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இதற்காகத்தான் அவனை அழைத்துவந்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

கௌதி கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினான். "இல்ல. அவதான் எனக்குச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதப்பான்னு சொல்லித்தான் சொன்னா. நான் கேக்காம எடுத்து எழுதிட்டேன்."

வரிசை அடங்கிப்போனது. படகுக்காரர் தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரப் பெண் புத்தகங்களின் விலைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். லோவா கடை முழுக்கச் சுற்றிவிட்டு ஒரு படத்துண்டுப் பெட்டியை எடுத்துவந்தாள். துண்டுகளைச் சேர்த்தால் ஒரு துறைமுகம். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பினோம். அவளும் நானும் ஓரத் துண்டுகளைத் தேடினோம், கௌதி எதிரே உட்கார்ந்து வானத்துத் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான். இன்னொரு அறைக்குப் போகச் சொல்லாததே அவனுக்குப் பெரிய விஷயம். கொஞ்சம் கழித்து லோவா, "இன்னிக்கி வழியில பிர்தாவப் பாத்தேனா..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, ரெண்டு கையையும் மேல வை."

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தான். அவள் குனிந்து மேசைக்கு அடியிலும் ஒரு தரம் பார்த்தாள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளை சோதனை போடும்படி ஆகிவிட்டானே என்று எனக்கு அழுகை முட்டியது.

நிமிர்ந்த லோவா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என் பக்கம் வந்து, என் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

மற்றதெல்லாம் ஊருக்கே தெரிந்தது, அதனால் சொன்னேன். அவள் காதில் சொன்னதைச் சொல்ல மாட்டேன். கௌதியும் என்னவென்று கேட்கவில்லை. காப்பி ஆறி, ஜன்னலுக்கு வெளியே இருட்டி, துறைமுகத்தின் பாதி வந்து சேரும்வரை அவன் கைகள் மேசைமேல் அப்படியே இருந்தன.