மூன்றாவது இலையின் காம்பு

வக்கீலம்மாவின் அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மேசைமேல் கடையில் வாங்கிய திரைச்சீலை கிடந்தது. அதில் ஓடும் இலைக்கொடி நான் வரைந்தது. துணிகளுக்கு டிசைன் போடுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கொடியை ஒரு பெரிய கம்பெனி என்னைக் கேட்காமல் கொள்ளாமல் அச்சடித்து விற்கிறது.

"பதிவு பண்ணலையேன்னு பயப்படாதீங்க," என்றார் வக்கீலம்மா. "சொந்தமா வரைஞ்சப்பவே காப்பிரைட் உங்களுக்கு வந்தாச்சு. முதல்ல வரைஞ்சது நீங்கதான்னு காட்டணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மடிக்கணினியைத் திறந்து என் கொடியைக் காட்டினேன். திரைச்சீலையைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மூணாவது இலைக்குக் காம்பு கோணலா இருக்கு. உங்களுதுல நேரா இருக்கே?"

"நேத்து சரி பண்ணேன்."

"என்னது?"

"உங்ககிட்ட காட்டணுமேன்னு திறந்தேன். கோணல் கண்ணை உறுத்திச்சு. நிமிர்த்தி, அதுலயே சேவ் பண்ணிட்டேன்."

"பழசு?"

"இல்ல."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப ஃபைல்ல நேத்து தேதிதான் இருக்கும். சீலையைப் பார்த்து நீங்கதான் திருத்தி வரைஞ்சீங்கன்னு அவங்க சொல்லுவாங்க."

பிறத்தியார் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்திவிட்டு வரும் பாழாய்ப்போன கை இது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமுமாக அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோதனைக்காக அச்சடித்த முதல் துணியை என் தங்கச்சி பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள். உடனே போன் போட்டேன்.

"அந்த இலைத்துணி எங்கடி?"

"அதையா கேக்கற? கிழிஞ்சு, தரை துடைச்சு, குப்பைக்கும் போயாச்சு. ஏன்க்கா?"

"போட்டோவாவது இருக்கா?"

"பாப்பா பிறந்த அன்னிக்கு அதுலதானே சுத்தினோம்! இரு, அனுப்பறேன்."

படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாப்பா வீறிட்டது. உடம்பு முழுக்க என் கொடி.

"பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?" என்று எட்டிப் பார்த்தார் வக்கீலம்மா.

"பள்ளிக்கூடம் போறா," என்றேன்.

"இந்தத் திரைச்சீலை கடைக்கு வந்தது போன வருஷம்." வக்கீலம்மா படத்தைப் பெரிதாக்கினார், முதல் தடவையாகச் சிரித்தார். பாப்பாவின் முஷ்டிக்குப் பக்கத்திலேயே மூன்றாவது இலை, காம்பு கோணலாக.

"அப்படியே எனக்கு அனுப்புங்க. எதையும் தொடாதீங்க."

விரல் குறுகுறுத்தது. போனை அவரிடமே கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.