வெர்லின் வைத்த விருந்து

தீயணைப்புப் படையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெர்லின் டால்குவிஸ்டுக்கு அறுபத்தைந்து வயதில் காதல் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரே விசில். ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் மறுகாலில் பழுப்பும் போட்டிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் சோல்வே டீச்சர் சாப்பிட வருகிறார்.

மினசோட்டாவில் அது ஜனவரி. கொல்லையில் இருந்த கரி அடுப்பு பனிக்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. அதனால் மாட்டுக்கறித் துண்டுகளை ஓவனிலேயே, உள்ளே மேற்புறம் சிவக்கும் மின்சுருளின் தணலில் வாட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். கழுவுகிற வேலை மிச்சமாகட்டும் என்று, கொழுப்பு கீழே வடிவதற்காகத் துளை போட்டிருந்த தட்டை அலுமினியத் தாளால் இறுக்க மூடினார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பார்.

டீச்சர் வந்தார். சிரித்தார். அதோடு வெர்லினுக்கு ஓவன் மறந்துபோயிற்று.

ஞாபகம் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் செக்கச்செவேலென்று தீ. தாளில் தேங்கிய கொழுப்பு பற்றிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த பானையை வெர்லின் தண்ணீரோடு தூக்கினார்.

சோல்வே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பானையைக் கீழ வைங்க."

"தீ, டீச்சர்."

"தெரியுது. கொழுப்புத் தீயில தண்ணி ஊத்தலாமா?"

"கூடாது."

"ஓவன் கதவைத் திறக்கலாமா?"

"கூடாது."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ஓவனை அணைச்சுட்டு, கதவை மூடியே வெச்சிருக்கணும்," என்றார் வெர்லின், பெஞ்சு மேல் நிற்கும் பையன் மாதிரி.

"பண்ணுங்க."

அணைத்தார். வருஷா வருஷம் அக்டோபரில் டீச்சரின் மூன்றாம் வகுப்புக்குப் போய் அவரே நடத்திய பாடம் அது.

புகை அலாரம் காது கிழியக் கத்தியது. இருவரும் கையைக் கோத்தபடி தள்ளி நின்று, கண்ணாடிக்குள் தீ சுருங்கி அணைவதைப் பார்த்தார்கள். அதற்குள் சோல்வேக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரைப் பார்த்து வெர்லினுக்கும்.

ஓவன் ஆறிய பிறகு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஆளுக்கொரு துண்டால் புகையை விரட்டினார்கள். விரட்டல் எப்போது நடனமாக மாறியது என்று இருவருக்குமே தெரியாது.

"அந்தப் பாடம் எடுக்க வேற ஆளே இல்லையா உங்க படையில?"

"இருந்தாங்க. நான்தான் சண்டை போட்டு வாங்கிட்டு வருவேன். உங்களைப் பார்க்க."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"முப்பது பிள்ளைங்க முறைச்சுப் பார்த்துட்டு இருந்துச்சே."

பதற்றத்தில் நான்கு துண்டு கறி வாங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. மிச்சமிருந்த இரண்டின் கொழுப்பை அரிந்துவிட்டு, வேறொரு துளைத்தட்டில் தாளில்லாமல் வைத்தார். இந்த முறை இருவரும் ஓவனை விட்டு நகரவில்லை. சோல்வே வெப்பமானியைக் கறியில் குத்தினார். நூற்று நாற்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

"இனி மூணு நிமிஷம் தொடக்கூடாது," என்றார் வெர்லின்.

"கறியைத்தானே?"

வெர்லினுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது. மூன்று நிமிஷம் ஏழு நிமிஷமாயிற்று.

வீட்டில் இன்னும் புகை நாறியதால் ஜன்னலை மூட முடியவில்லை. கோட்டும் கம்பளித் தொப்பியுமாக மேஜையில் உட்கார்ந்தார்கள். சோல்வே ஒரு துண்டை மென்று விழுங்கினார்.

"நல்லா சமைக்கிற, வெர்லின்."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவரை ஒருமையில் அழைத்திருந்தார். வெர்லினுக்கு அதற்கப்புறம் குளிரே தெரியவில்லை.