வளைந்தே தீருவேன் என்ற ஷாஃப்ட்

மாப்பிள்ளைக்கு ஏசி போட்ட அறை, சுழல் நாற்காலி, கதவில் ‘வடிவமைப்புத் தலைவர்’ என்று பித்தளைப் பலகை எல்லாம் இருந்தன. அவருக்குக் கீழே மட்டும் யாரும் இல்லை. மாமனாரின் இதே தொழிற்சாலையில், கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். கணினிப் பயிற்சிக்குப் போய்ச் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பியதும் மாமனார் இந்த அறையைக் கொடுத்தார். “சரிப்பட்டு வரலைன்னா கிடங்கு எங்கயும் ஓடிடாது, மாப்பிள்ளை” என்று அன்பாகச் சொல்லியும் வைத்தார். கிடங்கில் ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றுகிற நேரத்தைவிட முனகுகிற நேரம் அதிகம்.

முதல் வேலை, ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு மாவு பிசையும் இயந்திரம். அதன் நடுவே ஓடும் இரும்புத் தண்டான ஷாஃப்ட்டை ஐம்பது மில்லிமீட்டர் தடிமனில் வரைந்து, கணக்குப் போடச் சொல்லி மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லாம் நீல நிறமாக வந்தது. நீலம் நல்லது, சிவப்பு கெட்டது என்பதோடு அவருடைய பயிற்சி முடிந்திருந்தது.

ரொட்டிக்கார அம்மாளையும் மாமனாரையும் உட்கார வைத்து, பெரிய திரையில் படத்தைப் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல், அதுவரை தொட்டே பார்க்காத ‘இயக்கிக் காட்டு’ பொத்தானையும் தட்டினார்.

ஷாஃப்ட், தூங்கி எழுந்த பூனை சோம்பல் முறிப்பதுபோல மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு என்று நெளிந்தது.

அம்மாள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயையோ! என்னங்க இது, இரும்பா ரப்பரா?”

“கொஞ்சம் ஒல்லியாப் போச்சும்மா, வரைஞ்சவர் மாதிரியே” என்றார் மாமனார். “அடுத்த வாரம் வாங்க. மாப்பிள்ளை நிமிர்த்தி வச்சிடுவார்.” சொல்லிவிட்டு ஜன்னல் வழியே கிடங்கை ஒரு பார்வை பார்த்தார். விசிறி முனகியது.

மாப்பிள்ளை அறுபத்தைந்து ஆக்கினார். அதே வளைவு. எண்பது. அதே வளைவு. நூறு. கூச்சநாச்சமே இல்லாமல் அதே வளைவு. உயர்ந்த எஃகுக்கு மாற்றினார், அதற்கும் அசையவில்லை. அதாவது, அதேபோல அசைந்தது. நூற்று நாற்பதைத் தொட்டபோது, குளியல் தொட்டியில் சிக்கிய குண்டு மனிதர்போல ஷாஃப்ட் உட்கார்ந்திருக்க, மாவுக்கு இடமில்லை.

பட்டறையில் இரும்பு கடையும் லேத்துக்காரர் எட்டிப் பார்த்தார். “சார், இது மாவு பிசையவா, ரோடு போடவா?”

“இதெல்லாம் பகுப்பாய்வு. உங்களுக்குப் புரியாது” என்றார் மாப்பிள்ளை, தனக்கும் புரியாத துக்கத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினி நெளிந்துகொண்டிருந்தது.

“என்னங்க, சாப்பாடு ஆறுது. எவ்வளவுதான் வளையுதாம் அது?” என்றாள் மனைவி.

“தலைமுடியில நூத்துல ஒரு பங்கு இருக்காது.”

“அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம் ஆடுது?”

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தார்.

“மூலையில என்னமோ லட்சத்து அறுபதாயிரம்னு போட்டிருக்கே?”

“அது சாஃப்ட்வேரோட வரிசை எண்.”

“முந்தாநாள் வேற நம்பர் இருந்துச்சே. வரிசை எண் தினம் சட்டை மாத்துமா?”

எச்சில் கையோடு மவுஸை நகர்த்தி அந்த எண்ணைத் தட்டினார். ‘வளைவைப் பெரிதாக்கிக் காட்டும் மடங்கு: தானியங்கி’ என்று விரிந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வளைவைப் பாவம் பார்த்து ஊதிக் காட்டியிருக்கிறது அந்த மென்பொருள். இவர் பருக்க வைக்க வைக்க, அதுவும் கூடுதலாக ஊதியிருக்கிறது. மடங்கை ஒன்று ஆக்கினார். ஷாஃப்ட் சாதுவாகப் படுத்துக்கொண்டது. பழைய ஐம்பதுக்கு இறக்கினார். அப்போதும் அசையவில்லை.

“உங்கப்பாகிட்ட சொல்லிடாத.”

“நான் எதையாவது பார்த்தேனா? மோர் ஊத்தவா?”

சொன்ன நாளில் ரொட்டிக்கார அம்மாளும் மாமனாரும் வந்தார்கள். “பல கட்டப் பகுப்பாய்வுக்குப் பிறகு, பழைய தடிமனிலேயே வளைவை அகற்றியுள்ளேன்” என்று அறிவித்து, மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். ஷாஃப்ட் ஆடாமல் அசையாமல் கிடந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓட ஆரம்பிச்சதும் சொல்லுங்க” என்றார் அம்மாள்.

“ஓடிக்கிட்டுதாங்க இருக்கு.”

“மாப்பிள்ளை, இது போட்டோ” என்றார் மாமனார். “போட்டோ நானும் எடுப்பேன். அன்னைக்கு ஆடினதுலயாவது ஒரு உயிர் இருந்துச்சு.”

“எதையோ மறைக்கிறீங்க” என்றார் அம்மாள்.

ஏசி அறையிலும் மாப்பிள்ளைக்கு முதுகு நனைந்தது. கிடங்கு விசிறியின் முனகல் காதுக்குள்ளேயே கேட்டது. யாரும் கவனிக்காதபடி மடங்கை இருநூறு ஆக்கினார்.

“ம், மூச்சு விடுது” என்றார் மாமனார். “இன்னும் கொஞ்சம் விடலாமே.”

நானூறு.

“ஐயோ, அவ்வளவு வேணாங்க!”

காய்கறி பேரம்போல ஏறி இறங்கி, முந்நூறில் படிந்தது.

“இது மரியாதையா வளையுது” என்றார் அம்மாள். “இதையே செஞ்சு குடுங்க.”

மாமனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அந்த ஆட்டத்தை எப்படி அடக்கினீங்க?”

“அனுபவம், மாமா.”

“திரை மூலையில தெரியுதே, அந்த முந்நூறையும் வரைபடத்துல எழுதிடுங்க. பட்டறையில கூடக் குறைச்சலா வளைச்சிடப் போறாங்க.”

மறுத்துப் பேச வாயெடுத்தவர், அறையின் குளிர்ச்சியை ஒரு முறை நினைத்துப் பார்த்தார். எழுதிவிட்டார்.

சாயங்காலம் லேத்துக்காரர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மறுபடி ஐம்பதேதானா சார்? நல்லது. மூலையில இது என்ன முந்நூறு?”

மாப்பிள்ளை நாற்காலியை ஜன்னல் பக்கம் சுழற்றிக்கொண்டார்.

“வரிசை எண்.”