ஒளித்து வைத்த குத்து

யாராவது செல்போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், புவனேஸ்வரியின் கை தானாகக் கீழே இறங்கிவிடும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவனைக் கண்டால்கூட நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். சொந்தக்காரர்கள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்கமாவது ஒன்றாவது! அத்தனையும் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. புதுக்கோட்டை மைதானத்தில் அவள் காலையில் குத்துச்சண்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தொப்பி போட்ட ஒரு ஆள் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தான். அடுத்த வாரம் திருச்சியில் மாநில இறுதிப் போட்டி. எதிரில் மதுரை ராசாத்தி. அங்கே புவனேஸ்வரி எந்தக் குத்தைக் கிளப்பினாலும் அது போய்ச் சேருவதற்குள் ராசாத்தி அந்த இடத்தைக் காலி செய்திருந்தாள். ராசாத்தியிடம் அது மூன்றாவது தோல்வி. தொப்பிக்காரன் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆனால் அவனை அனுப்பியது ராசாத்திதான் என்று புவனேஸ்வரி பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அதோடு மைதானத்துக்குப் போவதை விட்டாள். அவள் புருஷன் முத்துராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். விடியற்காலையில் கட்டுமாவடி போய் மீன் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ஆலங்குடியில் முதலாளியின் கடலை குடோனில் வண்டியை நிறுத்துவான். அந்த குடோனில் ஒரு சாக்கில் மணலும் கந்தலும் திணித்துத் தொங்கவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதில்தான் புவனேஸ்வரி பழகினாள். பிறகு குளித்துவிட்டு புதுக்கோட்டையில் கூரியர் ஆபீஸ் வேலைக்கு ஓடுவாள்.

அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பழக அவளிடம் ஒரு குத்து இருந்தது. பயந்தவள் மாதிரி அரை அடி பின்வாங்க வேண்டும். எதிராளி ஆசையோடு முன்னே வருவாள். வந்த வேகத்திலேயே அவள் வலது விலாவுக்குக் கீழே இடது கை குட்டையாக ஏற வேண்டும். அதை வாங்கியவள் உடனே விழ மாட்டாள். ஒரு மூச்சு விட்ட பிறகு முட்டி மடங்கும். பெரிய போட்டிக்கு முன்னால் தன் முக்கியமான குத்தை வெளியாள் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொள்வது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். புவனேஸ்வரி அதை விரதம் போலக் காத்தாள். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாநிலப் போட்டியில் இந்தக் குத்தால் ராசாத்தியை ஒரே ஒரு தடவை விழுத்தாட்ட வேண்டும். அதற்கப்புறம் கிளவுஸைக் கழற்றி எறிந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து கோபிநாத்தும் மோகனப்ரியாவும் கூரியர் ஆபீஸுக்கு வந்து நின்றார்கள். வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி. பெண்கள் ஆடுகிற பாக்ஸிங் கேம் ஒன்று செய்கிறார்களாம். அதில் ஒரு ஆளாக இவளும் வர வேண்டுமாம்.

"எந்தக் கடையில வச்சு விப்பீங்க?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"போன்லயே இறக்கிக்கலாம் மேடம்," என்றான் கோபிநாத். "பெரிய கம்பெனிங்க பாக்ஸிங் கேம் பக்கமே ரொம்ப வருசம் வரல. டிவியில பாக்ஸிங் பாக்க ஆள் குறைஞ்சுபோச்சு. எல்லாரும் கூண்டுக்குள்ள கை கால் எல்லாத்தையும் வச்சு அடிக்கிற சண்டைக்குப் போயிட்டாங்க. ஆனா பழைய பாக்ஸிங் கேமையே பத்து வருசமா திரும்பத் திரும்ப ஆடிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் செய்யறோம்."

யாரும் பார்க்காத ஆட்டத்துக்கு கேமாம், அதற்குக் கார் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஆள் வருமாம். பார்சலில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே புவனேஸ்வரி இரண்டு பேரின் கைகளையும் பார்த்தாள். நல்லவேளை, போன் வெளியே இல்லை.

அப்போது மோகனப்ரியா ஆர்வத்தில் வாயை விட்டாள். "அக்கா, அரை அடி பின்னால போயிட்டு விலாவுல ஒரு லெஃப்ட் போடுவீங்களாமே. அது கண்டிப்பா வேணும்க்கா."

புவனேஸ்வரியின் கையிலிருந்த ஸ்டிக்கர் பார்சலில் கோணலாக ஒட்டிக்கொண்டது. அந்தக் குத்தை அவள் ஒரு மனுஷி உடம்பில் போட்டது வாழ்க்கையில் ஒரே தடவை. சின்ன வயதில், மாநில கேம்ப்பில், பயிற்சிக்காக ஜோடி சேர்ந்தபோது தன்னை அறியாமல் போட்டது. வாங்கியவள் ராசாத்தி. விலாவைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டாள். அதை எப்படிப் போட்டோம் என்று கண்டுபிடிக்கவே புவனேஸ்வரிக்கு வருஷக்கணக்காயிற்று. முத்துராஜை விட்டால், இந்த உலகத்தில் அதைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் ராசாத்தி மட்டும்தான்.

"யாரு சொன்னா?" என்றாள்.

மோகனப்ரியா கோபிநாத்தைப் பார்த்தாள். கோபிநாத் மேஜையைப் பார்த்தான். "நாலு இடத்துல விசாரிச்சோம் மேடம்," என்றான். இதைவிட நன்றாகப் பொய் சொல்ல ஒரு குழந்தைக்கே தெரியும்.

சாயங்காலம் முத்துராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு எதுக்கு இப்புடி மொறைச்சுக்கிட்டு இருக்க?"

"வேணாம்னு சொன்னா ஒளிக்கிறேன்னு தெரிஞ்சுரும்ல. போறேன். போயி அந்த ராசாத்திக்கு ஒரு பொய்யக் காட்டிட்டு வாரேன்."

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டையும் பேண்ட்டும் கொடுத்தார்கள். அதில் மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகள். சுற்றிலும் கேமராக்கள். அவள் எப்படி அசைகிறாளோ அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு குச்சி உருவம் அசைந்தது. முத்துராஜ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

புவனேஸ்வரி வலது கையைப் போட்டாள், நேர்க் குத்துப் போட்டாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். ராசாத்திக்கு ஏற்கெனவே தெரிந்த சரக்கையெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். "இப்ப அந்த லெஃப்ட்டுக்கா," என்று மோகனப்ரியா கேட்டபோது, அரை அடி பின்வாங்கி, புளியம்பழம் உலுக்குகிறவள் மாதிரி இடது கையை அகலமாக வீசினாள். வீசும்போது வேண்டுமென்றே வலது கையைத் தாடையிலிருந்து இறக்கி, முகத்தைத் திறந்து வைத்தாள். இதை நம்பி ராசாத்தி முன்னே வரட்டும், அப்போது தெரியும் சேதி.

"இவ்ளோதானாக்கா?" மோகனப்ரியாவின் முகம் வாடிப்போயிருந்தது.

"இவ்ளோதான்." அதே வீச்சைத் திரும்பத் திரும்ப, கொஞ்சம்கூட மாற்றாமல் போட்டுக் காட்டினாள். பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று அதையும் குடோனில் பழகிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

திரும்பி வரும்போது முத்துராஜ் சொன்னான். "பாவம் புள்ள, அந்த புள்ளைங்க நமக்கு பிரியாணியெல்லாம் வாங்கிக் குடுத்துச்சுங்க."

"ராசாத்தி வாங்கிக் குடுத்த பிரியாணி அது," என்றாள் புவனேஸ்வரி. அவளுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

மாநிலப் போட்டி சென்னையில் நடந்தது. எடை பார்க்கும் இடத்தில் அவள் கண் ராசாத்தியைத் தேடியது. காணோம். பெயர் வாசித்தபோதும் காணோம். புவனேஸ்வரியின் எடைப் பிரிவில் வந்திருந்தது அவள் ஒருத்திதான். இதுவும் ஏதோ தந்திரம், கடைசி நிமிஷத்தில் ராசாத்தி கதவைத் திறந்துகொண்டு வருவாள் என்று கிளவுஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கவில்லை. நடுவர் அவளை ரிங்குக்குள் கூப்பிட்டு, எதிர் மூலை காலியாக இருக்க, அவள் கையைத் தூக்கிக் காட்டினார். வாக்ஓவர். பார்வையாளர் நாற்காலிகளில் அடுத்த சண்டைக்குக் காத்திருந்த பெண்களின் அப்பா அம்மாக்கள் இருந்தார்கள். அவர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

ஒரு குத்துகூடப் போடாமல் தங்கப் பதக்கம். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்தவள், ஒரு வாரம் குடோன் பக்கமே போகவில்லை. அவமானமாக இருந்தது. யாரிடம் தோற்றாள் என்பதுதான் தெரியவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அந்த கேம் வந்தது. முத்துராஜ்தான் போனில் இறக்கிக்கொண்டு ஓடி வந்தான். அச்சு அசலாக அவள். அதே நடை, கிளவுஸ் நுனியால் மூக்கைத் துடைக்கிற அதே பழக்கம். எதிராளிகளின் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனவன் நின்றான். "ஏ புவனா, இங்க பாரு, ராசாத்தி!"

புவனேஸ்வரி போனைப் பிடுங்கித் தானே ஆடினாள். திரையில் இருந்த புவனேஸ்வரி அரை அடி பின்வாங்கினாள், புளியம்பழம் உலுக்கினாள், முகம் திறந்தது. ராசாத்தியின் வலது கை சாவகாசமாக வந்து இறங்கியது. மறுபடி ஆடினாள். மறுபடியும் அதேதான். முத்துராஜ் ராசாத்தியாக ஆடிப் பார்த்தான். விளையாடத் தெரியாத முத்துராஜே ஜெயித்தான்.

புவனேஸ்வரி மோகனப்ரியாவுக்குப் போன் போட்டாள். "அத மாத்தணும். நான் மெட்ராஸுக்கே வாரேன், சட்டைய மாட்டி விடுங்க, சரியாப் போட்டுக் காட்டுறேன்."

"இனிமே முடியாதுக்கா," என்றாள் மோகனப்ரியா. "கேம் போகல. இறக்கினவங்களே கொஞ்சப் பேருதான். இப்ப நாங்க எல்லாரும் கிரிக்கெட் கேம்ல இருக்கோம். பாக்ஸிங்க மூடிட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க, இனிமே என்ன. உங்களப் பத்தி சொன்னதே ராசாத்தி அக்காதான். புவனேஸ்வரி இல்லாம நான் வர மாட்டேன், அவ லெஃப்ட்ட எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. நம்பர் தரட்டுமாக்கா?"

ஆக, சந்தேகம் சரிதான். ராசாத்திதான் ஆள் அனுப்பியிருக்கிறாள். சரியாக இருந்தும் புவனேஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை.

ராசாத்தி கோயம்புத்தூரில் ஒரு ஜிம்மில், உடம்பு குறைக்க வருகிறவர்களுக்குக் கையைக் காலை ஆட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரி அந்த நம்பரைக் கூப்பிட்டபோது, குரல் கேட்டதுமே கண்டுகொண்டாள்.

"அந்தக் கை எங்கடி?" என்றாள். "கேம்ல ஒன்னய எடுத்து ஆடு ஆடுன்னு ஆடுறேன், வரவே மாட்டேங்குது."

"ஒளிச்சு வச்சேன். நீ பாத்துருவன்னு."

"நான் பாத்து என்னடி செய்ய? முட்டி ஆபரேசன் ஆயி ரிங்க விட்டே ரொம்ப நாளாச்சு. அடிக்க ஆளே வராத ஆட்டத்துல எவ்வளவு நாள் கெடக்குறது?"

"அப்ப அந்தத் தொப்பிக்காரன்? மைதானத்துல படம் எடுத்தானே?"

"எந்தத் தொப்பிக்காரன்? ஒன் வீடியோ ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. நீ குத்துறதுக்கு முன்னால மூக்கால மூச்ச இழுப்படி. எதிர்ல நின்னா நல்லாக் கேக்கும். அத வச்சுத்தான் மூணு தடவையும் தப்பிச்சேன். கேம்ப்புல அந்த லெஃப்ட் போட்டப்ப மட்டும் நீ மூச்சே விடல."

புவனேஸ்வரி ஒரு தடவை மூக்கால் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் கதவைச் சாத்திப் பழகியதில், தன் மூச்சை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கலாம்ல? நாந்தான் அனுப்புனேன், போட்டுக் காட்டுன்னு?"

"சொல்லிருந்தா நம்பிருப்பியா?" என்று கேட்டாள் ராசாத்தி.

நம்பியிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு ராசாத்தி சொன்னாள். "ஒரு வீடியோவாவது எடுத்து அனுப்புடி. அது நெசமாவே இருந்துச்சுன்னு நான் சொன்னா, இங்க ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

மறுநாள் காலையில் புவனேஸ்வரி குடோன் கதவை முதல் தடவையாக விரியத் திறந்து வைத்தாள். வெளிச்சம் சாக்கு வரைக்கும் வந்தது. கைக்குத் துணி சுற்றி, கிளவுஸ் மாட்டிக்கொண்டு, முத்துராஜைப் போனோடு நிற்க வைத்தாள். அவன் கையில் மீன் வாடை இன்னும் போகவில்லை.

"எடுக்கட்டுமா?"

"எடுங்க."

போன் மேலே வந்தது. புவனேஸ்வரி அரை அடி பின்வாங்கினாள். மூச்சைப் பிடித்தாள். இடது கை கிளம்பியது. அகலமாக, புளியம்பழம் உலுக்குகிறவள் கையாகப் போய்ச் சாக்கின் ஓரத்தில் உரசியது. வலது கை தாடையை விட்டு இறங்கியிருந்தது.

"அருமையா விழுந்துருக்கு," என்றான் முத்துராஜ். அவனுக்கு என்ன தெரியும்.

"அழிங்க," என்றாள். "மறுபடி எடுங்க."

மறுபடியும் போன் மேலே வந்தது. மறுபடியும் கை பொய்யையே போட்டது. புவனேஸ்வரி தன் இடது கையை, யாரோ அனுப்பிவைத்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். 

"அழிச்சுட்டு இன்னொரு தடவ எடுங்க," என்றாள்.