தாய்மாமன் வயிற்றில் இரண்டாம் தொகுதி

செலியமேட்டு விஜயராஜுக்குச் சோறு நெஞ்சிலேயே அடைத்தது. மூன்று வாரம் பொறுத்துவிட்டுப் பாண்டிக்குப் போனார். "பேரியம் மீல் குடிச்சிட்டு எக்ஸ்ரே எடுத்துடலாம், நாளன்னிக்கு வாங்க" என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்துப் பேரியம் என்று தேடினார். முதலில் வந்தது எலி மருந்து.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தார். "சுதா, அந்த ஆளு என்னைக் கொல்லப் பாக்குறான்!"

மனைவி ஜெயசுதா மேனிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். வாய்விட்டுச் சிரித்தாள். "எலிக்கு வெக்கிறது கார்பனேட்டுங்க. வயித்து ஆசிட்ல கரைஞ்சு ரத்தத்துல ஏறிடும். ஒங்களுக்குக் குடுக்கறது சல்பேட். கரையாம அப்படியே கீழ போய்டும்."

"ரெண்டும் பேரியந்தானே?"

"பின்னாடித் தெருவுல ஒரு விஜயராஜ் கீறாரு. அவரும் நீங்களும் ஒண்ணா?"

பின்னாடித் தெரு விஜயராஜ் பெரும் குடிகாரர். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிரூபி" என்றார்.

நெல்லுக்கு உரமாக வாங்கிய மெக்னீசியம் சல்பேட்டில் ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டாள். காணாமல் போனது. உப்பு நிலத்துக்கு வாங்கிய ஜிப்சத்தை, அதாவது கால்சியம் சல்பேட்டை, இன்னொரு டம்ளரில் போட்டாள். கலக்கக் கலக்க அடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"தனிம அட்டவணையில ரெண்டாம் தொகுதி இது. மெக்னீசியம், அதுக்குக் கீழ கால்சியம், ரொம்பக் கீழ பேரியம். எறங்க எறங்க அயனி பெருசாவும், தண்ணியோட பிடிப்பு அதுக்குப் பத்தாது. சல்பேட் கரையறது கொறைஞ்சிக்கினே போவும்."

விஜயராஜ் போய்க் குடித்தார். சுண்ணாம்பில் ஸ்ட்ராபெரி வாசனை. குறை ஒன்றுமில்லை, மென்று தின்றால் போதும் என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொன்னார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் தண்ணீரை மறந்து, விஜயராஜ் புரோட்டாவாகத் தின்றார்.

மூன்று நாள் ஆயிற்று. பேரியம் கரையவுமில்லை, வெளியே வரவுமில்லை.

நாலாம் நாள் வில்லியனூரில் அவர் தங்கை மகள் அருள்மொழிக்கு நிச்சயதார்த்தம். ஜெயசுதா மெடிக்கலில் எப்சம் உப்பு வாங்கி வைத்தாள். "இதுவும் மெக்னீசியம் சல்பேட்தான், ஆனா வயித்தை எளக்குற மருந்துக்குன்னே விக்கிறது. சாயங்காலம் வந்து ஒரு ஸ்பூன் குடிங்க" என்று சொல்லிவிட்டு ஒத்தாசைக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

வயிறு மத்தளமாக இருந்தது. சாயங்காலம் வரை யார் பொறுப்பது? மூன்று ஸ்பூன் கலக்கிக் குடித்துவிட்டு பைக்கை எடுத்தார்.

தங்கை கமலவேணி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நடேசன், ஹார்டுவேர் கடைக்காரர், நிச்சயத் தட்டை நீட்டினார். தாய்மாமன் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் இடி இடித்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார்.

கூடத்தில் சலசலப்பு. "தாய்மாமனுக்குப் புடிக்கலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கும் புடிக்கல" என்றாள் அருள்மொழி.

பத்து நாள் முன்னால் அவள் இதையே மாமனிடம் அழுது சொல்லியிருந்தாள். "போவப் போவ சரியாய்டும்டி" என்று அனுப்பிவிட்டார்.

உலகமே லேசானது போலத் திரும்பி வந்தவரை நடேசன் மறித்தார். "இன்னா கொறையைக் கண்டீங்க எங்க வூட்ல?"

வயிறு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள், தட்டு மாறும். சொல்ல வாயைத் திறந்தார். அருள்மொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு அவளை அனுப்பி வைத்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"ஒங்க வூட்ல கொறை ஒண்ணும் இல்லீங்க. பொண்ணு வேணாங்குது. அவ்ளோதான்" என்றார். என்றவர், மறுபடியும் ஓடினார்.

கமலவேணி பொங்கல் வரைக்கும் அண்ணனோடு பேசவில்லை. அருள்மொழி நர்சிங்கில் சேர்ந்தாள்.