காரைதீவு மட்டும் விழித்திருந்த ஜும்ஆ

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையே அதுவரை நடந்து முடிந்த அத்தனை கல்யாணங்களும் தலைகுப்புற விழப் பார்த்தன. மாப்பிள்ளை, பொம்பிளை, மாமிமார், புரியாணிச் சஹன் தட்டு எல்லாவற்றையும் நான் ஒரே விரலால் தாங்கிப் பிடித்தேன். மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நம்பாவிட்டால் பாதகமில்லை. மீராமுகைதீனும் நம்பவில்லை.

மீராமுகைதீன் என் சாச்சியின், அதாவது சின்னம்மாவின் மகன்; நான் அவருக்கு ராத்தா, அக்கா முறை. கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார்; கரையோர ஸ்டூடியோக்காரர் சங்கத்துக்குத் தலைவர். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று கடைகள், படங்களைச் சேமித்து வைக்கும் மூன்று சேவர் கணினிகள். ஒன்று அவருடைய கடையில், ஒன்று சாய்ந்தமருதில் அப்துல் கபூரின் கடையில், ஒன்று காரைதீவில் அழகரெத்தினத்தின் கடையில். எடுக்கிற கல்யாணப் படமெல்லாம் மூன்றிலும் ஒவ்வொரு பிரதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை செய்பவருக்கு அது ஒரே அலுமாரியாகத்தான் தெரியும். எந்தத் தட்டு எந்த ஊரில் இருக்கிறதென்று கேட்கத் தேவையில்லை. ஒரு சேவர் படுத்துவிட்டால் இன்னொன்று எடுத்துக் கொடுக்கும். சேவர் வைத்திருப்பவரிடம்தான் அந்த அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, இருக்கும் என்பது சங்கத்தின் விதி.

இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தது, ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் தலை நரைத்து ஓய்வுபெற்ற இந்த றாஹிலாதான். அன்று நான் இழுத்த வயரை நிமிர்த்தினால் மக்காவுக்குப் போய்த் திரும்பலாம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்வது நான்தான்.

அந்தக் கிழமை தலைவர் எங்களைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். சேவர்களின் உழைப்பைக் காட்டுவதற்கென்று வர்ணத் திரை ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். சிவப்புக் கோடும் நீலக் கோடும் மேலே ஏறி இறங்கின. காரைதீவின் பச்சைக் கோடு அடியில் படுத்துக் கிடந்தது.

“பாருங்க ராத்தா. காரைதீவு மிசின் சும்மா கெடக்கு. எங்கட ரெண்டும்தான் மாடு மாதிரி இழுக்குது. அத இறக்காமத்துல நான் தொறக்கிற புதுக் கடைக்குக் கொண்டு போகப் போறன்.”

“காட்டுப் பக்கத்து இறக்காமத்துல யானைக்கு கல்யாண அல்பம் அடிக்கப் போறீங்களா தம்பி?”

கபூர் சிரித்துவிட்டுத் தலைவரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அழகரெத்தினம் சிரிக்கவில்லை.

“மிசின் போனா என்ட திறப்பும் போயிடும்” என்றார் அவர். “நான் எடுத்த படத்தயே நான் பாக்க ஏலாது. பழைய அல்பம் கேட்டு வாற சனத்துக்கு என்னத்தக் காட்டுற? கடையப் பூட்டிட்டுத்தான் போகணும்.”

“சும்மா கெடக்கிற மிசினுக்கு என்னத்துக்கு கட?” என்றார் மீராமுகைதீன்.

எனக்குச் சூடேறிவிட்டது. “வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக நேரம் என்ன நடக்குதெண்டு பாத்திருக்கீங்களா? அந்த நேரம் உங்கட மிசினும் கபூர்ட மிசினும் செத்துக் கெடக்கும். முழுக் கரைக்கும் படம் குடுக்கிறது காரைதீவுதான்.”

“ஜும்ஆ நேரம் நான் பள்ளியில இரிப்பன். என்ட மிசின் கடையில முழிச்சிரிக்கும். கோட்டப் பாருங்க, ஒரு இடத்துலயாவது அறுந்து கெடக்கா? நீங்க நாலு கத கதைப்பீங்க ராத்தா, எனக்குத் தெரியாதா?”

“அப்ப வாற வெள்ளி ஜும்ஆ முடியும்வரைக்கும் அந்த மிசினில ஆரும் கை வெக்கப்படா. அதுக்குப் பொறகும் அது சும்மா கெடந்தா, நானே தலையில சுமந்து இறக்காமத்துக்கு நடப்பன்.”

“நடப்பீங்களா?”

“வழியில யானை நிண்டா அதையும் சுமப்பன்.”

“சரி. ஜும்ஆ முடிஞ்ச கையோட ஓட்டோ போகும்” என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நேரே அவருடைய வீட்டுக்கே போனேன். அவருடைய மனைவி நிப்லாதான் வீட்டிலிருந்தே கடையின் அல்பங்களை வடிவமைப்பவள். கபூரின் வீட்டிலும் அப்படித்தான், பொம்பிளைகளின் வேலை. ஆம்பிளைகள் பள்ளிக்குப் போனதும் வீடு அமைதியாகும். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய வேலை பறக்கும்.

பள்ளிக்குப் போகும் எங்கள் கடைக்காரருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஜும்ஆவுக்கு ஷட்டரை இழுக்குமுன் கை தானாகப் போய் மெயின் சுவிச்சை இறக்கிவிடும். வாப்பாமார் காலத்துப் பழக்கம், நெருப்புப் பயம். தொப்பி எங்கே என்று தலை தேடிக்கொண்டிருக்கும்போது கை தன் வேலையை முடித்திருக்கும். தலைக்குத் தெரியாது.

நான் வர்ணத் திரையைத் தொடவில்லை. நிப்லா தந்த தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு வரி அடித்து, என்டரைத் தட்டினேன். நான் சொன்ன விரல் அதுதான். மூன்று சேவர்களின் பெயர்களும் வரிசையாக வந்தன. பக்கத்தில், எத்தனை பேர் தொடர்பில் இருக்கிறார்கள், எத்தனை கோப்பு எடுத்தார்கள், எத்தனை வைத்தார்கள் என்ற இலக்கங்கள். யார் பதில் சொல்கிறார் என்று அந்தக் கட்டளை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் இலக்கங்களை அழித்துவிட்டு, பெயரை மட்டும் பட்டை போட்டுக் காட்டும்.

பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மெயின் இறங்கினாலும் சேவர்கள் பற்றரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பிறகு தாமாகவே அணைந்துவிடும். முதலில் சாய்ந்தமருதின் இலக்கங்கள் அழிந்தன. அடுத்தது கல்முனை. காரைதீவின் இலக்கம் பாய்ந்த பாய்ச்சலில் லப்டொப் மேசையை விட்டு ஒரு சாண் எழும்பியது.

நிப்லா எட்டிப் பார்த்தாள். “என்ட வேல நிக்கயில்லையே ராத்தா, நல்லா ஓடுதே.”

“ஓடும். உங்கட மாப்புள மெயினை இறக்கிட்டார். இப்ப உங்களுக்குப் படம் எடுத்துத் தாறது அழகரெத்தினம்.”

“எல்லா வெள்ளியும் இதானா?”

“எல்லா வெள்ளியும்.”

அழகரெத்தினம் தொலைபேசியில் வந்தார். வெள்ளிக்கிழமைக்குரிய மரக்கறிச் சாப்பாட்டைப் பாதியில் விட்டிருந்தார். “அக்கா, மிசினில லைட்டெல்லாம் விடாம மின்னுது. என்ன செய்யட்டும்?”

“ஒண்டும் செய்யாதீங்க. வாசல்ல கதிரயப் போட்டு இருந்து சாப்பிடுங்க. ஓட்டோ வந்தா, றாஹிலா சொல்லும்வரைக்கும் மிசின் அசையாதெண்டு சொல்லுங்க.”

தொழுகை முடிந்து மீராமுகைதீன் வந்தார். திரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

“இது நீங்க எழுதி வெச்ச எழுத்து.”

“சோறு ஆறாது. கடைக்குப் போய்ப் பாருங்க. போனை வெக்காம போங்க.”

மோட்டார் சைக்கிள் சத்தமே கோபமாக இருந்தது. ஷட்டர் ஏறுவது போனில் கேட்டது.

“மெயின் இறங்கித்தான் கெடக்கு. பூனை தட்டியிரிக்கும்.”

“பூனை ஜும்ஆவுக்குப் போற அவசரத்துல தட்டியிரிக்கும். ஏத்துங்க.”

ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுத்தது. “வந்துட்டு. கல்முனை எழும்பிட்டு” என்றேன். கொஞ்ச நேரத்தில் கல்முனையின் இலக்கங்கள் மறுபடி அழிந்தன.

“வயரப் புடுங்கினீங்களா தம்பி?”

“இல்லையே.”

“மறுகா வயரக் குத்துங்க.”

குத்தினார். இலக்கங்கள் வந்தன.

“அப்ப என்ட கோடு ஏன் அறுகயில்ல?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“உங்கட வர்ணத் திரை ஓடுறதும் உங்கட சேவரிலதான். தூங்குற நேரத்தயும் அப்ப காரைதீவு பாயிறதயும் அது எப்பிடி எழுதும்? எழும்பின உடனே, விட்ட இடத்தையும் புடிச்ச இடத்தையும் ஒரு கோட்டால ஒட்டிட்டுப் போகுது. இந்த மிசினை எடுத்தா, ஜும்ஆ நேரம் இந்தக் கரையில ஒரு கல்யாணமும் இல்ல. இண்டைக்கு அத்தனையையும் நான் ஒரு விரலால புடிச்சன், மற்றக் கையில தேத்தண்ணி, ஒரு சொட்டும் சிந்தயில்ல.”

பக்கத்தில் யாரிடமோ ஓட்டோவைத் திருப்பிக் கூப்பிடச் சொல்வது கேட்டது.

“ஓம் ராத்தா. நடந்ததுதான். என்ட கைதான் இறக்கியிரிக்கி. அவ்வளவு கல்யாணத்தையும் காரைதீவுதான் தாங்கியிரிக்கி, நீங்கதான் அத விழாம புடிச்சிரிக்கீங்க.” கொஞ்சம் யோசித்தார். “தேத்தண்ணி சிந்தயில்லயா எண்டத மட்டும் நிப்லாக்கிட்டக் கேட்டுக்கிறன்.”